கழுத்துக்குப் பொறுப்பு

அந்த மனிதர் பந்தைப் பார்த்து நான் ஒருநாளும் கண்டதில்லை. றக்பி கோச் ஒருவர் பந்தையே பார்க்கமாட்டார் என்றால் நம்புவீர்களா? மைதானத்தின் அந்தத் தொங்கலில் எங்கள் பையன் ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். கரையில் நின்ற சனமெல்லாம் தொண்டை கிழியக் கத்தும். நானும் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு கத்துவேன். அவர் மட்டும் இந்தத் தொங்கலில், எல்லோரும் விட்டுவிட்டுப் போன இடத்தில், நிலத்திலிருந்து மெல்ல எழும்புகிற மூன்று தடியன்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எவன் எந்தக் கையை ஊன்றி எழும்புகிறான், எழும்பியதும் கழுத்தைத் தடவுகிறானா, அதுதான் அவருக்கு ஆட்டம். கடைசி விசில் ஊதிய பிறகு என்னிடம் வந்து ஆட்டத்தின் முடிவைக் கேட்பார்.

"மிஸ், வெண்டமா?"

"இல்லை கோச். வழமை போலதான்."

"ஆ," என்பார். அவ்வளவுதான். பிறகு தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கப் போய்விடுவார்.

நான் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் வர்த்தகம் படிப்பிக்கிறவள். வீடு வெள்ளவத்தையில். எனக்கும் றக்பிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விளையாட்டுகளுக்குப் பொறுப்பாசிரியர் பிரிக்கிற கூட்டத்துக்கு அன்றைக்கு பஸ் பிந்தி நான் போய்ச் சேர்ந்தபோது, கரம், செஸ், பூப்பந்து எல்லாவற்றையும் மற்ற ஆசிரியைகள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். "மிஸ்ஸுக்கு வாய் நீளம், பெடியங்கள் அடங்குவாங்கள்," என்று சொல்லி அதிபர் றக்பியை என் தலையில் கட்டிவிட்டார். வாய் நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

அப்போதே அவர் அங்கே இருந்தார். தலைமைக் கோச் அல்ல. அது வேறொரு ஆள், கறுப்புக் கண்ணாடியும் விசிலுமாக, பந்தோடு ஓடுகிறவர்களைப் பழக்குகிறவர். இவர் முன்வரிசைக்கு மட்டும். வத்தளையிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். ஒரு காலத்தில் ஏதோ ஒரு அரசாங்கத் திணைக்கள அணிக்கு விளையாடியவர். பேர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

றக்பி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த விளையாட்டில் ஸ்க்ரம் என்று ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து, தோளோடு தோள் கோத்து, தலைகளைச் சொருகி ஒருவரையொருவர் தள்ளுவார்கள். முன்வரிசையில் மூன்று பேர். அதில் இரண்டு ஓரத்திலும் நிற்கிறவனுக்கு ப்ரொப் என்று பேர். மொத்தப் பாரமும் அவன்களுடைய கழுத்தில்தான். அவன் பந்தைத் தொடமாட்டான், புள்ளி எடுக்கமாட்டான், பேப்பரில் படம் வராது. ஸ்க்ரம் சரியாக நின்றால் யாரும் அவனைக் கவனிக்கமாட்டார்கள். இடிந்து விழுந்தால் முதலில் நிலத்தில் குத்துவது அவன் தலைதான்.

ஓடுகிற பையன்களுக்கு எங்கள் பாடசாலையில் பஞ்சமில்லை. பொலிஸ்காரனைக் கண்டு ஓடிப் பழகினவன்களே பாதிப்பேர். ப்ரொப்புக்குத்தான் ஆள் கிடைக்காது. கிடைக்காததைத் தேடிப் போகிற வேலையை அவர் தானாக எடுத்துக்கொண்டார். அது அவருக்கு வேலையா வியாதியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒருநாள் ஏதோ கையெழுத்துக்காக வெள்ளவத்தைக்கு வந்தவர் என்னோடு காலி வீதியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் இறங்கினார். நல்ல உடம்பு, இரண்டு கையிலும் மரக்கறிப் பை. எங்கள் கோச் கதையைப் பாதியில் விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார். எனக்குக் கிறுக்குப் பிடித்தது போல ஆகிவிட்டது. நானும் பின்னால் ஓடினேன். ஒழுங்கைக்குள் போய், அந்த மனிதர் கேற்றைத் திறக்கும்போது இவர் போய்ப் பிடித்தார்.

"ஐயா, உங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளைகள் இருக்கா?"

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்சூரன்ஸ் எண்டா வேண்டாம் தம்பி. நான் ஏற்கெனவே போட்டிருக்கிறன்."

"இன்சூரன்ஸ் இல்ல ஐயா. உங்கட இடுப்பு..."

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஏசினேன். "என்ன கோச், உங்களுக்கு விசரா? ஒரு மனுசன் வீட்டு வாசலில நிண்டு இடுப்பைப் பற்றிக் கதைக்கிறதோ? இனி என்னையும் அளந்து பாப்பியள்!"

அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். "மிஸ் நடுவில நிக்கலாம். உயரம் காணாது, ஆனா கோபம் காணும்."

இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

தினேஷை அவர் பிடித்தது ஜிந்துப்பிட்டியில், கோயில் தேரன்று. அவர் வேதக்காரர், கழுத்தில் சிலுவை. ஆனால் ஒவ்வொரு வருசமும் முருகன் தேருக்குத் தவறாமல் வருவார். எல்லோரும் முன்னால் வடம் பிடிக்கிறவர்களைப் பார்ப்போம். இவர் பின்னால் போய் நிற்பார். ஒடுக்கமான தெருவில் தேர் திரும்பாமல் இறுகும்போது பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பார்ப்பதற்கு. அன்றைக்குத் தேர் ஒரு முடக்கில் இறுகிவிட்டது. எல்லோரும் அரோகரா என்று கத்திக்கொண்டு இழுக்க, பின்னால் ஒரு பையன் மட்டும் கத்தாமல், முதுகைத் தட்டையாக வைத்துக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி, மெல்லமெல்ல அழுத்திக்கொண்டே நின்றானாம். "மிஸ், அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல," என்று அடுத்த நாள் என்னிடம் சொன்னபோது அவருடைய குரல் நடுங்கியது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட இப்படிச் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பையனின் வீட்டுக்குப் போகும்போது பாடசாலையின் ஆளாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரே அறை. தகப்பன் இல்லை. தாய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கிற வேலை. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எங்களைக் கட்டிலில் இருத்திவிட்டு பிளேன்டீ தந்தாள். இவர் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"அம்மா, உங்க அண்ணன் தம்பி யாராச்சும் பக்கத்தில இருக்காங்களா? ஒருக்கா பாக்கணும்."

அது அவருடைய வழக்கம். பையன் எப்படித் தடிப்பான் என்பதைத் தகப்பனைப் பார்த்துச் சொல்ல ஏலாது, தாய்மாமனைப் பார்த்தால்தான் தெரியும் என்பது அவருடைய கொள்கை. எந்த வைத்தியப் புத்தகத்தில் இருக்கிறதோ கடவுளுக்குத்தான் தெரியும்.

"தாய்மாமன் எதுக்குங்க? கலியாணமா பேச வந்திருக்கீங்க?" என்றாள் தாய். பையன் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். ஆனாலும் தாய்மாமனைக் கூட்டிவந்தார்கள். சந்திக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவர், எண்ணெய் பட்ட பனியனோடு வந்து நின்றார். இவர் அந்த மனிதரைச் சுற்றி ஒரு வட்டம் நடந்துவிட்டு "போதும்," என்று சொல்லி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாய் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"சார், நான் வேல செய்யிற வார்டுல ஒரு ஆள் கெடக்காரு. கட்டடச் சாரத்துலேருந்து விழுந்து கழுத்து போயிருச்சி. கண்ணு மட்டுந்தான் அசையும். அவருக்குக் கீழ தொடைக்கிறது நான்தான். எம் புள்ளைக்கி அப்பிடி ஆச்சின்னா என்னா செய்வீங்க?"

நான் பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சேட்டுப் பையிலிருந்து ஒரு கறுப்பு நூல்கண்டை எடுத்தார். பையனைக் கூப்பிட்டு, கழுத்தைச் சுற்றி அளந்து, இரண்டு நுனியும் முட்டுகிற இடத்தில் அறுத்து, தாயின் கையில் கொடுத்தார்.

"இத வச்சுக்கொள்ளுங்க. மாசத்துக்கு ஒருக்கா சுத்திப் பாருங்க. நுனி ரெண்டும் முட்டிக்கொண்டு இருக்கிற வரைக்கும் இவன நான் முன்வரிசையில இறக்கமாட்டேன். கழுத்து தடிச்சு, முட்டாம ரெண்டு விரல் விலகி நிக்கணும். அதுக்குப் பிறகு கழுத்துக்கு நான் பொறுப்பு."

இதை அவர் எல்லாத் தாய்மாருக்கும் சொல்வார். மற்றக் கோச்மார் கப்பைக் காட்டி ஆசை காட்டுவார்கள். இவர் நூலைக் கொடுத்துவிட்டு வருவார்.

ஆனால் வெறும் நூலுக்கு யாரும் பிள்ளையைத் தரமாட்டார்கள். உண்மையில் அந்தத் தாய் சம்மதித்தது வேறு காரணத்துக்கு. எங்கள் பாடசாலை ஏ.எல். உயர்தர வகுப்பில் அவனுக்கு இடம் தரும். பெறுபேறு கொஞ்சம் குறைவுதான், றக்பி என்றபடியால் அதிபர் கண்ணை மூடிக்கொள்வார். அதோடு நல்ல ப்ரொப் என்றால் திணைக்கள அணிகளில் எடுப்பார்கள். எடுத்தால் அரசாங்க வேலை. ஜிந்துப்பிட்டியில் ஒற்றை அறைக்குள் இருக்கிற தாய்க்கு அந்தச் சொல் போதும்.

இரண்டு வருசம் பழக்கினார். பழக்குவது என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. முதல் மூன்று மாதம் அவன் பந்தையே காணவில்லை. குந்தி எழும்புவது, சுவரைத் தள்ளுவது, இன்னொருவனைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பது. வீட்டிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து முன்வரிசைப் பையன்களுக்கு மட்டும் தின்னக் கொடுப்பார். ஓடுகிறவன்கள் கேட்டால் "நீங்க பறவை, நீங்க பாண் தின்னுங்க," என்பார். நூல் முட்டுவது நின்று, ஒரு விரல் விலகி, இரண்டு விரல் விலகிய அன்று தாய் ஆஸ்பத்திரி உடுப்போடேயே மைதானத்துக்கு ஓடிவந்து நூலைக் காட்டினாள். தாயும் மகனும் கோச்சும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. அவர் ஒரு பையனை ஆளாக்கி எடுத்ததும் பெரிய பாடசாலைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சப்பாத்து, சாப்பாடு, விடுதி எல்லாம் கொடுப்பார்கள். எனக்கு வயிறு எரியும். அவர் செய்வது என்ன தெரியுமா? அந்தப் பாடசாலையின் கோச்சுக்கு போன் எடுப்பார். "அவனுக்கு வலப்பக்கத் தோள் கொஞ்சம் பிந்தும். இன்னும் ஒரு மாசம் இறக்காதீங்க," என்பார். அந்தப் பக்கத்திலிருந்தவன் சரி சேர் சரி சேர் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

"கொண்டு போனவங்களுக்கு என்னத்துக்கு கோச் புத்தி சொல்றியள்? மானம் ரோசம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"பையன கொண்டு போனாங்க மிஸ். கழுத்து அவன்டதானே," என்றார்.

அது ஏன் என்று எனக்கு வத்தளையில்தான் விளங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட்டிக்கான கடிதம் ஒன்றில் அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. போன் எடுத்தபோது வத்தளைக்கு வரச் சொன்னார், ஆனால் தன் வீட்டுக்கு அல்ல, இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்கு. போய்ப் பார்த்தால் ஒரு கட்டிலில் அவருடைய வயசுக்காரர் ஒருவர் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சவரம் எடுத்துக்கொண்டிருக்கிறார். சவர்க்கார நுரைக்குள்ளிருந்து அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க மிஸ். இவன்தான் என்னை விழுத்தினவன். இத்தனை வருசமாச்சு, இன்னும் ஒழுங்கா சவரம் எடுக்கப் பழகல்ல."

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே மிச்சத்தையும் சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிர் அணிகளின் ப்ரொப். ஸ்க்ரம் இடிந்து விழுந்தது. பந்து வெளியே போய்விட்டது, எல்லோரும் பந்துக்குப் பின்னால் போய்விட்டார்கள். கீழே கிடந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவரும்தான் ஓடினார்.

"யார் பிழையுமில்ல மிஸ். மழை, நிலம் சறுக்கிச்சு. நான் ஆயிரம் தடவை சொல்லிட்டேன், கேக்கமாட்டான். அண்டைக்கு யார் வெண்டது எண்டு இவன்ட்ட கேட்டுப் பாருங்க. தெரியாது! நான்தான் கட்டிலில கிடந்து பேப்பர் வாசிக்கச் சொல்லி அறிஞ்சேன். எங்கட டீம்தான் வெண்டது!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதாவது முகம் மட்டும் சிரித்தது. எங்கள் கோச் "ஆடாத, வெட்டிப்போடும்," என்று சொல்லி நுரை பூசிய நாடியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்தை வாங்காமலே வந்துவிட்டேன்.

தினேஷின் கடைசிப் பருவம் வந்தது. ஒரு திணைக்கள அணியின் ஆள் அவனைப் பார்க்க வருவதாகச் செய்தி. அவனையும், அவன் பக்கத்தில் நின்று விளையாடுகிற மற்ற இரண்டு முன்வரிசைக்காரரையும். நாங்கள் எல்லா ஆட்டத்திலும் தோற்றுக்கொண்டிருந்தோம், ஆனால் ஸ்க்ரம்மில் மட்டும் எவனாலும் எங்களை ஓர் அடி பின்னால் தள்ள முடியவில்லை. அது பேச்சாகிவிட்டது. தாய் ஏற்கெனவே சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வேலைக் கடிதம் மாட்ட ஆணி அடித்துவிட்டாள் என்று தினேஷ் சொல்லிச் சிரித்தான்.

அந்த ஆள் வரவிருந்த போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, பயிற்சி முடிந்து பையன்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோச் திடீரென்று "தினேஷ், இங்க வா," என்றார்.

"ஏன் இடக்கையால போத்தல எடுத்த?"

"சும்மா சேர்."

"வலக்கையால என்ட விரல இறுக்கு."

இறுக்கினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு குழந்தை பிடிக்கிற மாதிரி இருந்தது அந்தப் பிடி. கேட்டு உலுக்கியபோது உண்மை வந்தது. இரண்டு மூன்று நாளாக, தள்ளும்போது கழுத்திலிருந்து கை வரைக்கும் மின்சாரம் அடித்தது போல ஒன்று போகிறது. பிறகு கொஞ்ச நேரம் கை மரத்திருக்கிறது. சொன்னால் நிறுத்திவிடுவார் என்று சொல்லவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் ஸ்கான் எடுக்க வேண்டும் என்றார், திகதி அடுத்த மாதம்தான் கிடைத்தது. பெரிதாக ஒன்றும் இருக்காது போலத்தான் தெரிகிறது, ஆனால் பார்க்கும்வரை விளையாடாமல் இருந்தால் நல்லது என்றார். அந்த "நல்லது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊரே சண்டை பிடித்தது. விளையாடக்கூடாது என்று டொக்டர் சொல்லவில்லையே என்றார் அதிபர். பழைய மாணவர்கள் போனுக்கு மேல் போன். தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்க யாராவது உதவுங்கள் என்று நான் கேட்டபோது அத்தனை போனும் அமைதியாகிவிட்டது. எரிச்சலில் என்னிடம் இருந்ததைப் போட்டு எடுப்போம் என்று போனால், அங்கேயும் போட்டிக்குப் பிறகுதான் இடம்.

போட்டிக்கு முதல் நாள் அதிபரின் அறைக்குத் தாயும் வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பு மாற்றவில்லை. அதிபரை விட்டுவிட்டுக் கோச்சிடம்தான் பேசினாள்.

"சார், நீங்க அன்னைக்கி எங்க வீட்டுக்கு வந்தப்போ நான்தான் பயந்தேன். இப்ப நான் பயப்படலீங்க. ஒரு நாள். ஒரே ஒரு நாள் விடுங்க."

"ஏலாதும்மா."

"டாக்டரு ஒண்ணுமில்லேன்னுதானே சொல்றாரு. இந்த வேல போச்சின்னா அவனுக்கு வேற என்னா சார் இருக்கு? படிப்பா வருது?"

"ஏலாதும்மா."

"எதுனாச்சும் ஆச்சின்னா நான் உங்களக் கேக்கமாட்டேன். சாமி சத்தியமா கேக்கமாட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கேக்கமாட்டீங்க. நான் கேப்பேனே அம்மா. என்னை நான் கேப்பேனே."

தாய் எழும்பி நின்றாள். "உங்க மனசு சுத்தமா இருக்கணும்ன்னு எம் புள்ள வேலய எடுக்குறீங்க," என்றாள். அடித்த மாதிரி இருந்தது. அதிபர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். நான் கோச்சுக்காக அதிபரோடு வாயடித்தேன், அறைக்கு வெளியே வந்து கோச்சோடும் வாயடித்தேன். அவர் செய்வது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

தினேஷுக்குப் பதிலாக இறக்க ஒரே ஒரு பையன்தான் இருந்தான். அவனுடைய நூல் இன்னும் முட்டிக்கொண்டிருந்தது. அவனையும் இறக்கமாட்டேன் என்றுவிட்டார். போட்டியன்று நேரே நடுவரிடம் போய், எங்களிடம் முன்வரிசைக்குப் பழகிய ஆள் போதாது என்று சொன்னார். அப்படிச் சொன்னால் றக்பியில் ஒரு சட்டம் இருக்கிறது. ஸ்க்ரம் பிடிக்கலாம், ஆனால் இரு பக்கமும் தள்ளக்கூடாது. சும்மா கோத்துக்கொண்டு நின்று, பந்தை உருட்டிவிட்டு, பிரிந்து போக வேண்டும்.

தினேஷின் இடத்தில் வேறு ஒருவன் பேருக்கு நிற்க, அன்றைக்கு ஆட்டம் முழுக்க அப்படித்தான் நடந்தது. பதினாறு தடியன்கள் குனிந்து, தோளில் தோளை வைத்து, மெல்ல எழும்பிப் போனார்கள். தினேஷ் பாடசாலைச் சீருடையில் கரையில் இருந்தான். எங்கள் மற்ற இரண்டு முன்வரிசைக்காரரும் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் எங்கள் கோச்சைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எந்த எதிரிக்கும் நினைக்கமாட்டேன். திணைக்களத்து ஆள் இடைவேளை வரைக்கும் போனை நோண்டிக்கொண்டு இருந்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையே.

முடிந்ததும் கோச் என்னிடம் வந்தார். "மிஸ், வெண்டமா?"

"வெண்டிட்டம்," என்றேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பருவத்தில் நாங்கள் வென்ற ஒரே ஆட்டம் அதுதான். எதிரணியின் பலம் முழுக்க அவர்களுடைய தடியன்கள். தள்ளக்கூடாது என்றதும் அவர்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எங்கள் ஓடுகிறவன்கள் புகுந்து விளையாடிவிட்டார்கள்.

அந்த வெற்றிதான் அவரைத் தின்றது. ப்ரொப் தள்ளாமலே வெல்லலாம் என்றால் ப்ரொப்புக்குத் தனியாக ஒரு கோச் எதற்கு என்று பழைய மாணவர் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் கதிரையைத் தூக்கியிருப்பேன். என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த வருசத்துக்கு வரவேண்டாம் என்று அவருக்குப் போனில் சொன்னார்கள். நன்றி சொல்ல ஒரு மாலைகூட இல்லை.

ஸ்கான் முடிவு வந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை. நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கிறது, தானாக மாறிவிடும். அன்றைக்கு விளையாடியிருந்தாலும் அநேகமாக ஒன்றும் ஆகியிராது என்று டொக்டர் சொன்னார். தாய் ஆஸ்பத்திரி மரவாங்கில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தினேஷ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது. அந்த இடத்தில் சந்தோசப்பட்ட ஒரே ஆள் அவர்தான். "ஒண்டுமில்லையாம், ஒண்டுமில்லையாம்," என்று என்னிடமும் தாயிடமும் பையனிடமும் மாறிமாறிச் சொன்னார். அந்தச் சந்தோசத்தை ஒருவரும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

திணைக்கள அணி அந்த வருசம் எங்கள் பாடசாலையிலிருந்து ஒருவரையும் எடுக்கவில்லை. தினேஷ் ஏ.எல். பரீட்சைக்கு வரவேயில்லை.

போன மாதம் புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போனேன். மொத்தக் கடைகள் இருக்கிற தெருவில் அவர் நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்ன கோச் இங்கே என்று கேட்டேன். ஒரு பையனைப் பார்க்க வந்தேன் என்றார். புதிதாக யாரையோ பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். நல்லது, இந்த மனிதர் இன்னும் விடவில்லை என்று எனக்கு உள்ளே ஒரு சின்ன மகிழ்ச்சிகூட வந்தது.

வந்தது தினேஷ். லொறியிலிருந்து கடைக்குச் சீனி மூட்டை சுமக்கிறான். தலைக்கும் தோளுக்கும் நடுவில், கழுத்தில் ஏற்றிவைத்த மூட்டை. முன்னால் நிற்கிறவர்கள் விலகச் சிங்களத்தில் "பார தென்ன, பார தென்ன," என்று வழி கேட்டுக்கொண்டே வந்தான். எங்களைக் கண்டதும் நின்றான். மூட்டையை இறக்கவில்லை.

"தினேஷ், நான் ஒரு கிளப்ல கதைச்சிருக்கேன்," என்றார் அவர். "சம்பளம் எண்டு பெரிசா இல்ல. ஆனா அங்க இருந்து மேல போகலாம். சனிக்கிழமை வந்து ஒருக்கா..."

"சேர்," என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "அன்னைக்கி ஒரு நாள் வுட்டிருந்தீங்கன்னா போதும் சேர். இப்ப லொறிக்காரன் ஏசுவான்."

அவர் கடைப் படியில் ஏறி நின்று அவனுக்கு வழி விட்டார்.